ஒரு கடலும் ஒன்பது நாடுகளும்

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால் பால்டிக் என்னும் கடல் ஒன்று உள்ளது. கடல் என்று பெயர் பெற்றிருப்பினும், அஃது ஒரு பேரேரியின் இயல்பினையே பெரிதும் உடையது. நாற்புறமும் நிலம் சூழ்ந்திருக்க, டென்மார்க்கு நாட்டையொட்டிய குறுகிய நீரிணைகளின் வழியாக மட்டுமே அது புறக்கடலோடு தொடர்பு கொண்டுள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ நான்கு இலட்சம் சதுர கிலோமீட்டர். அஃதாவது தமிழ்நாட்டின் பரப்பைப்போல் மும்மடங்கு. ஆனால் அதன் சராசரி ஆழமோ 55 மீட்டர் அளவினதே. மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சராசரி ஆழமுடைய மாகடல்களோடு ஒப்பிடின், பால்டிக் கடலை அகன்ற தட்டில் ஊற்றி வைத்த நீர் என்றே சொல்லலாம்.

அந்நீரும் முழு உப்புநீர் அன்று. மாகடல் நீர் ஒரு கிலோகிராம் எடையில் 35 கிராம் அளவு உப்பைக் கொண்டிருக்கும். பால்டிக் கடலின் நடுப்பகுதியிலோ அவ்வுப்பு ஏழு கிராம் அளவே. வடகோடியில் மூன்று கிராமும் தேறுவது அரிது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து எண்ணிறந்த ஆறுகள் வந்து கலப்பதே இதற்குக் காரணம். ஆதலின் கடல்மீனாகிய ஹெர்ரிங்கும் ஏரிமீனாகிய பைக்கும் அங்கே அண்டை வீட்டார்போல் அருகருகே வாழ்கின்றன. ஆயினும் இவ்வாழ்வு எளிதானதன்று. உப்புக் குறைந்த நீரில் சிப்பிகள் தம் முழு வளர்ச்சியை எய்தாமல் சிறுத்தே காணப்படுகின்றன. இங்கு வாழும் உயிர்வகைகளும் மிகுதியல்ல. அவற்றுள் ஒன்று அழிந்தால் அதன் இடத்தை நிரப்ப மற்றொன்று இருப்பதில்லை.

இக்கடலின் நீர் முழுவதும் மாறிப் புதுநீர் வந்து நிறைவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செல்லும் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஒரு பிள்ளை பிறந்த நாளில் கடலிற் கொட்டப்பட்ட கழிவு, அப்பிள்ளை வளர்ந்து தானும் பெற்றோராகும் நாளிலும் முழுதும் அகன்றிருக்காது என்பது இதன் பொருள். கடலை நோக்கி வடியும் நிலப்பரப்போ 17 இலட்சம் சதுர கிலோமீட்டர். கடலைப்போல் நான்கு மடங்கு. அந்நிலத்தில் எட்டரைக் கோடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய நகரங்களின் சாக்கடை நீரும், ஆலைகளின் கழிவும், வயல்களில் இட்ட உரத்தின் எச்சமும் ஆறுகள் வழியே இவ்வாழமற்ற தட்டில்தான் வந்து சேர்கின்றன.

உரம் பயிரை வளர்ப்பது போலவே பாசியையும் வளர்க்கும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்த நீரில் கோடைக் காலத்தில் நீலப்பச்சைப் பாசிகள் பெருகிக் கடலின் மேற்பரப்பையே பச்சைக் கம்பளம்போல் மூடிவிடுகின்றன. பின்னர் அவை மடிந்து அடியில் வீழ்ந்து அழுகுகின்றன. அழுகுதலுக்கு உயிர்வளி வேண்டும். அடிநீரில் கரைந்திருந்த உயிர்வளி இவ்வாறு செலவாகிவிட, மீனும் புழுவும் வாழ இயலாத வெறுநிலம் கடலடியில் பரவுகிறது. மேல்நீர் கீழிறங்கிக் கலந்தால் இக்குறை தீருமே எனில், அதுவும் எளிதில் நிகழ்வதில்லை. உப்பு மிகுந்த கனமான நீர் அடியிலும், உப்புக் குறைந்த இலேசான நீர் மேலிலுமாக, எண்ணெயும் நீரும் போல அவை பிரிந்தே நிற்கின்றன. வலிய மேல்காற்று பல நாள் தொடர்ந்து வீசிப் புறக்கடலின் நீரை நீரிணைகள் வழியே உள்ளே தள்ளும்போதுதான் அடிப்பகுதி புத்துயிர் பெறும். 1993, 2003, 2014ஆம் ஆண்டுகளில் அத்தகைய பெருவரவு நிகழ்ந்தது. அத்தகைய வரவுகளுக்கு இடையே பல ஆண்டுகள் கடல் காத்திருக்க வேண்டியதே.

பாசியினும் கொடிய கேடும் ஒன்று இருந்தது. சோரன் ஜென்சன் என்னும் அறிவியலறிஞர், சுவீடன் நாட்டு மீன்களிலும் கழுகுகளிலும் பூச்சிமருந்தின் அளவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இன்னதென்று விளங்காத வேறொரு பொருளும் அவ்வுடல்களில் கலந்திருக்கக் கண்டார். மின்சாரக் கருவிகளிலும் வண்ணப் பூச்சுகளிலும் பயன்பட்டுவந்த பி.சி.பி. என்னும் இரசாயனப் பொருளே அஃது என்பதை 1966ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தினால் வெண்வால் கடற்கழுகின் முட்டையோடு மெலிந்து அடைகாக்கும்போதே உடைந்தது. பி.சி.பி.யினாலோ கடல்நாய்கள் குட்டி ஈனும் ஆற்றலை இழந்தன.

கேட்டினை அறிந்த அரசுகள் வாளாவிருக்கவில்லை. 1974ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் கரைநாடுகள் ஏழும் கூடி, கடலைக் காப்பதற்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அக்காலத்தில் ஐரோப்பா இரு கூறாகப் பிளவுண்டு கிடந்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். டென்மார்க்கும் மேற்கு ஜெர்மனியும் ஓர் அணியில். சோவியத்து ஒன்றியமும் போலந்தும் கிழக்கு ஜெர்மனியும் எதிரணியில். சுவீடனும் பின்லாந்தும் எவ்வணியிலும் சேராமல் நடுவே. அப்போது சோவியத்து ஆட்சியில் இருந்த எஸ்தோனியாவின் கடற்கரையிற் பல இடங்கள் காவற்படையின் பொறுப்பில் இருந்தன. அங்கே கடலோரச் சிற்றூரில் பிறந்த சிறுவனுங்கூட விரும்பிய நேரத்தில் படகேறிக் கடலில் செல்ல இயலாது. ஹெல்சிங்கியிலிருந்து எஸ்தோனியாவின் தலைநகராகிய தாலினுக்கு உள்ள தொலைவு எண்பது கிலோமீட்டரே. இரு கரையாரும் பேசும் மொழிகளும் தமிழும் கன்னடமும் போல் உறவுடையவை. ஆயினும் ஒரு கரையின் மாணவன் மறு கரையின் மாணவனோடு உறவாட வழியின்றி இருந்தது.

அவ்வழி 1989ஆம் ஆண்டில் திறந்தது. உலகப் பள்ளிகளிடையே தோழமையை வளர்ப்பதற்காக யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே இணைப்புப் பள்ளிகள் என்னும் திட்டமொன்றைத் தொடங்கியிருந்தது. அதன் ஒரு கிளையாக, பின்லாந்து நாட்டின் முயற்சியினால் ‘பால்டிக் கடல் திட்டம்’ தோன்றியது. கடலைச் சூழ்ந்த நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகள் தத்தம் ஊர் நீரையும் கரையையும் காற்றையும் ஒரே முறையில் ஆராய்ந்து, கண்டவற்றைத் தம்முள் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. திட்டம் தொடங்கியபோது கரைநாடுகள் ஏழு. மூன்றாண்டு கழிவதற்குள் அவை ஒன்பதாயின! இரு ஜெர்மனிகளும் 1990ஆம் ஆண்டில் ஒன்றாயின. மறு ஆண்டில் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா ஆகிய மூன்றும் விடுதலை பெற்றன. சோவியத்து ஒன்றியம் மறைந்து ருஷ்யா அதன் இடத்தில் நின்றது. வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்த தேசப்படங்கள் பயனற்றுப் போயின. பள்ளிகளின் திட்டமோ அறுந்துபோகாமல் நடந்துவந்தது. அதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஒரு நாட்டிடமே நிலைத்து நில்லாமல் முறைவைத்து நாடுதோறும் மாறிவருமாறு அமைத்திருந்தது நல்லதோர் ஏற்பாடு.

ஒரே முறையில் ஆராய்தல் என்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்கோ அரிது. போலந்து நாட்டு மாணவர் தம் விரிகுடாவின் நீர் தெளிவாக உள்ளது என்று எழுதுகின்றனர் எனக் கொள்வோம். சுவீடன் மாணவரும் அங்ஙனமே எழுதுகின்றனர். இருவர் கண்ட தெளிவும் ஒன்றுதானா? ஒருவர் நண்பகலில் பார்த்திருக்கலாம். மற்றவர் மாலையில் பார்த்திருக்கலாம். ஒருவர் கண்ணுக்குத் தெளிந்த நீர் மற்றவர் கண்ணுக்குக் கலங்கியதாகத் தோன்றலாம். சொல்லால் இதனைத் தீர்க்க இயலாது, அளவு வேண்டும்.

நீரின் தெளிவை அளக்கும் கருவியோ மிக எளியது. அதனைக் கண்டவர் ஆஞ்செலோ செக்கி என்னும் இத்தாலிய வானநூல் அறிஞர். விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்த அத்துறவி, 1865ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் கப்பலொன்றில் சென்று, மத்தியதரைக் கடலில் வெண்ணிற வட்டத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் அவை கண்ணுக்கு மறைகின்றன என்று நோக்கினார். அன்று முதல் அது செக்கித் தட்டு என்றே வழங்கப்படுகிறது. முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தகடு, அடியில் ஒரு கனம், அளவு குறித்த ஒரு கயிறு, இவ்வளவே அதற்கு வேண்டுவன. பாலத்தின் ஓரத்திலோ படகிலோ நின்று, நிழல் விழும் பக்கமாக அதனை மெல்ல இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னும் சற்று இறக்கிப் பின் மேலிழுத்து, அது மீண்டும் தோன்றும் ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டின் சராசரியே நீரின் தெளிவு. இதனைச் செய்யப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, ஆய்வுக்கூடமும் வேண்டுவதில்லை. பொறுமையும் நேர்மையும் வேண்டும். தட்டு மறைந்த பின்பும் இன்னும் தெரிகிறது என்று தன் ஊரின்மேற் கொண்ட பற்றினால் ஒரு மாணவன் சொல்லிவிடின், அளவு பொய்யாகிவிடும்.

இத்தகைய எளிய அளவினால் என்ன பயன் என்று வினவலாம். சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் ஒருவகைப் பழுப்புப் பாசி பாறைகளின்மேல் அடர்ந்து வளர்கிறது. சிறு மீன்களுக்கு அதுவே காடு, அதுவே தொட்டில். சூரிய ஒளி எட்டும் ஆழம்வரைதான் அது வேரூன்றும். 1940களில் அது பதினொன்றரை மீட்டர் ஆழம்வரை வளர்ந்திருந்ததாக ஆராய்ச்சியாளர் குறித்து வைத்திருந்தனர். அதே இடத்தை 1984ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்தபோது எட்டரை மீட்டருக்குக் கீழே அதனைக் காணவில்லை. நீர் கலங்கியதால் ஒளி மூன்று மீட்டர் பின்வாங்கிவிட்டது. காடும் அதனோடு பின்வாங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பொறுமையுடன் எழுதிவைத்த குறிப்பு இல்லையெனில், இவ்விழப்பை யார் அறிந்திருப்பர்? மாணவர் ஒருநாள் எடுக்கும் அளவினால் ஒன்றும் விளங்குவதில்லை. ஆண்டுதோறும், அதே இடத்தில், அதே முறையில் எடுக்கும் அளவே பேசத் தொடங்கும்.

தெளிவினை அடுத்து, நீரில் கரைந்துள்ள உயிர்வளியை மாணவர் அளக்கின்றனர். இதற்கு உரிய முறையை ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் வின்க்லர் என்பார் 1888ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். குப்பியில் காற்றுக் குமிழி சிறிதும் புகாமல் நீரை நிரப்புதலே இதில் கடினமான வேலை. குமிழி ஒன்று புகுந்துவிடினும் ஆற்றின் உயிர்வளியோடு வானத்தின் உயிர்வளியும் சேர்ந்துவிடும். நேரமும் கருதற்பாலது. பகலில் நீர்ச்செடிகள் உயிர்வளியை வெளியிடுதலால் மாலையில் அளவு மிகுந்தும், இரவெல்லாம் அவை அதனைச் செலவிடுதலால் விடியலில் குறைந்தும் காணப்படும். ஒரு பள்ளி விடியலிலும் மற்றொரு பள்ளி மாலையிலும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால், ஆற்றை ஒப்பிட்டதாகாது; கடிகாரத்தை ஒப்பிட்டதாகும். ஆகவேதான் எவ்விடத்தில், எந்நேரத்தில், எவ்வாறு அளக்க வேண்டும் என்று வழிகாட்டி நூல்களை அத்திட்டத்தார் வெளியிட்டனர்.

கருவிக்கு எட்டாததை உயிர்கள் உரைப்பதும் உண்டு. ஆற்றின் அடியிலுள்ள கல்லைப் புரட்டினால் அதன் அடிப்புறத்தில் சிறு புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லீ எனப்படும் பூச்சியின் இளம்புழு தூய நீரில்தான் வாழும். செந்நிறச் சேற்றுப்புழு அழுக்குநீரிலும் தழைக்கும். மாணவர் அளந்த நாளில் நீர் தூயதாக இருந்திருக்கலாம். முந்திய வாரத்தில் ஆலைக்கழிவு கலந்திருக்கலாம். கல்லீயின் புழு அங்கே இருக்கிறதா இல்லையா என்பது முந்திய வாரத்தின் கதையையும் சேர்த்தே சொல்லும். நீரோடு நில்லாமல், பிர்ச்சு மரம் துளிர்க்கும் நாளைக் குறித்தல், மரப்பட்டைகளில் படரும் கற்பாசியைக்கொண்டு காற்றின் தூய்மையை அறிதல் முதலிய பணிகளையும் இப்பள்ளிகள் மேற்கொண்டன.

கண்டவற்றை எழுதி அனுப்புதலோடு மாணவர் நேரில் கூடுவதும் உண்டு. ஒரு நாட்டில் நடைபெறும் முகாமிற்குப் பிற நாட்டு மாணவரும் ஆசிரியரும் வந்து சேர்கின்றனர். எவருக்கும் தாய்மொழி அல்லாத ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறியேனும் பேசிக்கொள்கின்றனர். அழுக்கு அடுத்தவன் கரையிலிருந்தே வருகிறது என்னும் எண்ணம் எல்லா நாட்டு மக்களுக்கும் இயல்பானது. மேற்கரையார் கிழக்கரையின் நகரச் சாக்கடைகளைச் சுட்டிக் காட்டினர். அதில் உண்மையும் இருந்தது. லெனின்கிராடு என்று முன்னர்ப் பெயர் பெற்றிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கு மாநகரின் கழிவுநீரில் ஒரு பெரும்பகுதி நெடுங்காலம் தூய்மை செய்யப்படாமலே கடலில் கலந்துவந்தது. பின்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளின் உதவியோடு அங்கே கட்டப்பட்ட பெரிய சுத்திகரிப்பு நிலையம் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆனால் எண்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மற்றோர் உண்மையும் புலப்படுகிறது. செல்வம் மிக்க நாடுகளின் செழித்த வயல்களிலிருந்தும் கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வடியும் உரநீரும் இக்கடலை நிறைக்கின்றது. சாக்கடைக்கு ஒரு குழாய் உண்டு. அதன் வாயில் நிலையம் ஒன்றைக் கட்டிவிடலாம். வயலுக்குக் குழாய் இல்லை. ஆதலின் இரண்டாவது கேடு முதற்கேட்டினும் தீர்த்தற்கு அரியது.

மாணவரின் அளவுகள் அறிவியலறிஞரின் அளவுகளுக்கு ஈடாகா என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றுத் தவறன்று. பள்ளிகளின் கருவிகள் நுட்பம் குறைந்தவை. தேர்வு நெருங்கினால் அளத்தல் தடைப்படும். ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால் பதிவேடு மூடப்பட்டுவிடும். ஆயினும் ஆராய்ச்சிக் கப்பல் எல்லா ஓடைக்கும் வருவதில்லை. தம் ஊர் ஓடையின் நலத்தை அவ்வூர் மாணவர் கண்டறிந்த செய்தி பெரும்பயன் விளைத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்னும் நகரின் ஊடே ஹியூரன் என்னும் ஆறு ஓடுகிறது. 1980களில், பாய் கட்டிய பலகையின்மேல் நின்று அவ்வாற்றில் விளையாடிய மாணவர் சிலர் கல்லீரல் நோய்க்கு ஆளாயினர். ஆற்றுநீரே காரணமோ என்னும் ஐயம் எழுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் என்பாரின் துணையோடு அவ்வூர் மாணவர் தாமே நீரைச் சோதித்தனர். மலக்கழிவில் காணப்படும் நுண்ணுயிர்கள் அளவுக்கு மீறி அந்நீரில் இருக்கக் கண்டனர். கண்டதை ஊராரிடமும் அதிகாரிகளிடமும் எடுத்துரைத்தனர். உயிர்வளி, நுண்ணுயிர், வெப்பம், கலங்கல் முதலாக ஒன்பது சோதனைகளைப் பள்ளிகளுக்கு ஏற்றவாறு எளிமையாக்கி ஸ்டாப் நூலாக வெளியிட்டார். அதன் வழியே பல நாட்டுப் பள்ளிகளை இணைக்கும் உலக ஆறுகள் கல்விக் கூட்டமைப்பு ஒன்றும் 1989ஆம் ஆண்டிலேயே தோன்றியது. ஒரே ஆண்டில் பூமியின் இரு வேறு இடங்களில் இவ்விரு முயற்சிகளும் முளைத்தது வியப்பிற்குரியது.

பால்டிக் பள்ளிகளைக் கண்டு டான்யூபு ஆற்றின் கரைநாடுகளிலும் கரிபியன் தீவுகளிலும் இத்தகைய திட்டங்கள் எழுந்தன. 1995ஆம் ஆண்டில் அமெரிக்கா தொடங்கிய ‘குளோப்’ என்னும் திட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் பின்னர்ச் சேர்ந்தன. அஞ்சலில் வாரக்கணக்கில் சென்ற எண்கள் இப்போது கணிப்பொறி வழியே நொடியில் செல்கின்றன. எனினும் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கும் வேலையை எந்தக் கணிப்பொறியும் எளிதாக்கிவிடவில்லை.

பால்டிக் கடலின் இன்றைய நிலை நலமும் தீங்கும் கலந்தது. டி.டி.டி.யும் பி.சி.பி.யும் தடை செய்யப்பட்ட பின்னர் வெண்வால் கழுகுகள் மீண்டும் பெருகியுள்ளன, கடல்நாய்களும் பெருகியுள்ளன. நகரக் கழிவுநீர் பெரும்பாலும் தூய்மை செய்யப்படுகின்றது. ஆனால் கடலடியின் உயிரற்ற பகுதி இன்னும் பரந்தே கிடக்கிறது. முன்னாளில் வீழ்ந்து சேற்றில் தங்கிய பாஸ்பரஸ் மெல்ல மெல்ல மேலெழுந்து பாசிக்கு உணவாகிக்கொண்டே இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் ருஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் இடையே பெரும்போர் மூண்டதும், ஹெல்சிங்கி உடன்படிக்கையின் மற்ற எட்டு நாடுகளும் ருஷ்யாவோடு கூடி நடத்திவந்த கூட்டங்களை நிறுத்தி வைத்தன. நொடிக்கு ஏறத்தாழ 2,500 கன மீட்டர் நீரைச் சுமந்துவரும் நீவா ஆறு, பால்டிக் கடலில் கலக்கும் ஆறுகளுள் மிகப் பெரியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கு நகரைக் கடந்து, பின்லாந்து வளைகுடாவில் அது முன்போலவே கலந்துகொண்டிருக்கிறது. அவ்வளைகுடாவின் வடகரையில் பின்லாந்து; தென்கரையில் எஸ்தோனியா; கீழ்க்கோடியில் ருஷ்யா.